உப்புப் பார்த்தவள்

ராஜவேலுவுக்கு வயிறு இறங்கினால்தான் அந்த வீட்டு அடுப்பில் தோசைக்கல் ஏறும். இறங்காத காலையில் பிள்ளைகள் முதல் ஏர் ஓட்டுகிற குப்பன் வரைக்கும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அதனால் எனக்கு வேண்டியதும் வேண்டாததும் எல்லாம் தெரியும். ஒரு மனிதனின் மலச்சிக்கல் ஒரு குடும்பத்தையே கட்டிப்போடும் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடம்பத்தூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கட்டிப்போடப்பட்டவள் செங்கம்மாள். அவருடைய மூத்த மருமகள். செவ்வாப்பேட்டைப் பக்கத்துப் பெண். ஒடிசலாக இருப்பாள், வேகமாக நடப்பாள், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கல்யாணமாகி வந்த மறுவருஷம், எழுபத்தெட்டில் என்று நினைக்கிறேன், மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். திருவள்ளூரில் வைத்தியம் பார்த்து, கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். படுத்தே கிடந்ததில் வயிறு கல்லாகிவிட்டது. விளக்கெண்ணெய் கேட்கவில்லை, கடுக்காய் கேட்கவில்லை. கடைசியில் ரயிலடித் தெருவிலிருந்து கம்பவுண்டர் சடையப்பன் எனிமா கொடுக்கிற, ரப்பர்க் குழாய் வைத்த வெள்ளை எனாமல் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. சமையல்கட்டில் இருந்த ஒரே பெண் இவள்தான். கம்பவுண்டர் இவளைத்தான் கூப்பிட்டார்.

"தண்ணிய நல்லா காய்ச்சி ஆற வைம்மா. மொழங்கைய வச்சிப் பாரு, சுடக் கூடாது, இதமா இருக்கணும். உப்பு, கஞ்சிக்குப் போடறோமே, அத்தவிடக் கொறச்சலாப் போடு. நாக்குல வச்சிப் பாத்துடு. ஜாஸ்தியாப் போச்சின்னா கொடல் எரியும்."

கலந்து கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை. மற்றதைக் குப்பன் பார்த்துக்கொண்டான். எலும்பு கூடி எழுந்து நடக்க ஆரம்பித்ததும், தோட்டத்தில் ஓலைத்தட்டி கட்டி ஆணி அடித்து, டப்பாவை அதில் மாட்டி, ராஜவேலு தாமே செய்துகொண்டார். இவள் தண்ணீரைக் கலந்து துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார் கம்பவுண்டர். இடுப்பு சரியாயிற்று, தடி போயிற்று, அவர் ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய் மடை பார்த்துவிட்டு வந்தார். உப்புத்தண்ணீர் மட்டும் போகவில்லை. அது இல்லாமல் வயிறு அசைய மறுத்துவிட்டது. முதல்நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டிருந்தால் வாயுவுக்கு ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் சேர்க்க வேண்டும். "யம்மா செங்கம்மா, இன்னிக்கு சோடா!" என்று படுக்கையில் இருந்தபடியே குரல் கொடுப்பார். ஓட்டலில் மசால் தோசை சொல்கிற மாதிரி இருக்கும்.

அவள் ஒவ்வொரு நாளும் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் சொம்பை எடுப்பாள்.

"உனக்கு அருவருப்பாக இல்லையா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"தண்ணிதானேக்கா. இன்னும் எங்கியும் போவலியே" என்றாள், வாயை மூடிச் சிரித்துக்கொண்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ராஜவேலு நினைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "அளவா போட்றதுக்கு எவளாலயும் முடியும். ஆனா எங்க செங்கம்மா கை பட்டாதான் நமக்கு ஆவுது." அவர் ஒருநாளும் அவளை அதட்டியதில்லை. தேனொழுகப் பேசுவார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, அதை மறைத்துவைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்குத் தெரியாது.

இப்படியே அவள் இருந்துவிட்டிருப்பாள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்ததுதான் வினை. பொட்டல் நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகை எழும்பியது. அவள் புருஷன் லோகநாதனுக்கு அங்கே ஓர் இரும்புக் கம்பிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நல்ல பையன். அப்பாவை "நைனா" என்று கூப்பிடும்போதே குரல் பாதியாகிவிடும், அது ஒன்றுதான் குறை. கடம்பத்தூரில் ரயிலேறிப் பட்டணம் போய், அங்கே வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி போய் இறங்குவதற்குள் பொழுது போய்விடும். ஷிப்டு வேலைக்குத் தினமும் போய்வர முடியாது. அங்கேயே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை வருவான், திங்கட்கிழமை முதல் வண்டிக்குப் போய்விடுவான்.

செங்கம்மாளும் அவனோடு போக ஆசைப்பட்டாள். அதில் என்ன தப்பு? கட்டினவனோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும், அவனுக்குச் சோறு போட வேண்டும், ஒரு பிள்ளை பெற வேண்டும். "வாரத்துக்கு ஒரு நாளு புருஷன் வந்தா புள்ள எங்கேந்து வரும்?" என்று கிணற்றடியில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவளே ஒருநாள் துணிந்து மாமனாரிடம் கேட்டாள். நான் சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"தாராளமாப் போம்மா!" என்றார் ராஜவேலு. "நானா புடிச்சி வச்சிக்கினு கீறேன்? புருஷன் கீற எடம்தான் பொண்ணுக்கு ஊடு. நாளிக்குக் காலைல தண்ணிய மட்டும் கலக்கி வச்சிட்டுக் கெளம்பு."

நாளைக்கு மறுநாளும் காலை என்று ஒன்று வருமே! அதைப்பற்றி அவர் பேசவில்லை. அவள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கினாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லோகநாதன் போய்க் கேட்டதற்கு, "எனுக்கு ஒண்ணுமில்லடா. வயிறு கட்டினா கட்டட்டும். நீங்க நல்லா இருந்தா போதும்" என்றார். பையன் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளே பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அதற்குள் சின்ன மகனுக்கும் கல்யாணம் ஆகி, குப்பம்மாள் என்று ஒரு மருமகள் வந்திருந்தாள். செங்கம்மாளுக்கு உயிர் வந்தது. கரண்டி அளவு, சொம்பு அளவு, சூடு எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். குப்பம்மாள் கலந்து வைத்தாள். ராஜவேலு தட்டிக்குள் போனார், உடனே வெளியே வந்தார். "அளவு சரிதாம்மா. ஆனா அந்தக் கை இல்லியே" என்று பெருமூச்சு விட்டார். அன்று வீட்டில் யாருக்கும் காலை நாஷ்டா இல்லை. குப்பம்மாளுக்கு இது வலிய வந்த சீதேவி. "பாரு, என்னால ஆவலியே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒருநாள் உப்பே போடாமல் வை. இல்லாவிட்டால் பேசாமல் ரயிலேறிப் போ. அவர் வயிறு அவர் பாடு" என்று அவளிடம் சொன்னேன்.

"நா போயி மாமாவுக்கு எதனா ஆயிட்டா? இவுரு என் மூஞ்சில முழிப்பாரா? நைனாவக் கொன்னுட்டு வந்தவன்னுதான் பாப்பாரு" என்றாள்.

அந்த வருஷம் ஆடி மாதம் கங்கையம்மன் கோயிலில் கொடி ஏறியபோது அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பூங்கரகம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் கரகம் எடுக்கிறவர்கள் மணிக்கட்டில் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது, உப்பை நாக்கில் வைக்கக் கூடாது. சோறும் உப்பில்லாச் சோறுதான். உப்புப் பார்க்க முடியாதவள் எப்படித் தண்ணீர் கலப்பாள்? வேறு கைதான் கலந்தாக வேண்டும். ராஜவேலுவால் இதற்கு ஒன்றும் சொல்ல முடியாது, திருவிழாவை முன்னின்று நடத்துகிறவரே அவர்தான்.

"காப்பு அவுக்கறதுக்குள்ள குப்பம்மா கைக்குப் பழகிடுவாருக்கா. பழகிட்டா நா போயிடுவேன்" என்று சுவரில் சாய்ந்துகொண்டு ரகசியமாகச் சொன்னாள்.

"வேண்டுதல் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வாய்?"

"புள்ளைக்குன்னு நெனச்சிக்கினு கீறாங்க. நெனச்சிக்கட்டும். நா ஆத்தாகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. என்னக் கும்முடிப்பூண்டிக்கு அனுப்பிடு, அவ்ளோதான்."

பூசாரி மஞ்சள் துணியில் காப்புக் கட்டினார். பேரப்பிள்ளைக்காக மருமகள் விரதம் இருக்கிறாள் என்று ராஜவேலு ஊரெல்லாம் பெருமை பேசினார். காலையில் குப்பம்மாள் கலந்தாள். முதலில் கொஞ்சம் முனகினார். செங்கம்மாள் பக்கத்தில் நின்று சூட்டையும் கரண்டி அளவையும் பார்த்துக்கொடுத்தாள். மனிதருக்கு வேறு போக்கிடம் இல்லை. வயிறு இறங்கியது! மறுநாளும் இறங்கியது. அந்த வீட்டில் தோசை வார்க்கிற சத்தம் கேட்டபோது என் வீட்டில் நானும் சிரித்துக்கொண்டேன்.

திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு வந்த லோகநாதன், சமையலறையோடு தனியாக ஓர் அறை பிடித்திருப்பதாகச் சொன்னான். இரண்டு அலுமினியக் குண்டான் வாங்கி வைத்திருக்கிறானாம். அவள் என்னிடம் அதைச் சொன்னபோது வாயை மூடிக்கொள்ள மறந்து சிரித்தாள். எவ்வளவு அழகான பல்வரிசை அவளுக்கு என்று அன்றுதான் பார்த்தேன்.

கரகம் எடுக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வீடு நிறைய உறவுக்காரர்கள். ராத்திரி மொச்சைக் குழம்பு. காலையில் ராஜவேலுவுக்கு வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. "சோடாவும் போடு, உப்பும் சித்த தூக்கலாப் போடு, சுருக்கா ஆவட்டும்" என்று குப்பம்மாளிடம் சொல்லிவிட்டார். விரதக்காரி புழங்குகிற சமையல்கட்டு என்று தூள் உப்பு ஜாடியை உறவுக்காரப் பெண்கள் கொல்லையில் எங்கோ எடுத்து வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு அது கிடைக்கவில்லை. குப்பம்மாள் மூட்டையிலிருந்து கல்லுப்பை அள்ளிப் போட்டாள். கரைந்ததா இல்லையா என்று தெரியவில்லை, போதாதென்று இன்னும் கொஞ்சம் அள்ளினாள். பிறகு சந்தேகம் வந்து, சொம்போடு செங்கம்மாளிடம் வந்தாள். நான் அப்போது பூக்கட்ட அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"காப்புக் கட்டிக்கினு கீறேன், நா எப்டி நாக்குல வைக்கறது? நீயே பாரு."

"அய்ய, சீ! அது போற எடத்துக்குப் போற தண்ணிய நா வாயில வைக்கறதா?"

விரதத்தால் ஒருத்தி ருசி பார்க்கவில்லை, அருவருப்பால் ஒருத்தி ருசி பார்க்கவில்லை. சொம்பு கல்லின்மேல் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் தட்டிக்குள்ளிருந்து ராஜவேலு அலறினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவரைத் தூக்கி வந்தார்கள். அதன் பிறகு போய்க்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. உச்சி வெயில் நேரத்தில் நாக்கு வறண்டு, கண் குழிந்து, கைகால் ஜில்லிட்டுவிட்டது. லோகநாதன் சைக்கிளில் போய்ச் சடையப்பனை அழைத்து வந்தான். அவர் நாடி பார்த்தார், சொம்பில் மிச்சமிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துக் காறித் துப்பினார்.

"கடத்தண்ணி மாதிரி கீது! ஒடம்புல கீற தண்ணியெல்லாம் இழுத்துட்டிருக்கு. வடிச்ச கஞ்சில லேசா உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கினே இருங்க. நா வண்டி பாத்துக்கினு வரேன், திருவள்ளூருக்குத் தூக்கிடலாம். வண்டி வர வரைக்கும் கஞ்சி உள்ள போனாத்தான் ஆளு தாங்குவாரு."

திருவிழா நாளில் வண்டி அவ்வளவு சுலபத்தில் கிடைக்கவில்லை. குப்பம்மாள் அழுதுகொண்டே கஞ்சி கொண்டுவந்தாள். ராஜவேலு பல்லைக் கடித்துக்கொண்டார். மகன் கொடுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்தக் கிண்ணத்தை வாங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பு சரியாகத்தான் இருக்கிறது, குடியுங்கள்" என்றேன்.

"டீச்சரம்மாவுக்கு இன்னா தெரியும்" என்றார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "செங்கம்மா பாத்தாளா? அவ வாயில வச்சிப் பாத்துக் குடுத்தா குடிக்கறேன். இல்லாங்காட்டி உட்டுடுங்க."

அது பிடிவாதமா, பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். உள்ளே எரிந்துபோன மனிதருக்கு உலகத்தில் அந்த ஒரு நாக்கின் மேல்தான் நம்பிக்கை இருந்தது.

கூடம் முழுக்கச் சனம். எல்லாரும் செங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் தூணோரம் நின்றிருந்தாள். விடிந்தால் கரகம். காப்போடு இருக்கையில் உப்பை நாக்கில் வைத்தால் விரதம் போயிற்று, அவள் ஆத்தாளிடம் கேட்டதும் போயிற்று. ஒருவரும் "செய்" என்று சொல்லவில்லை, ஒருவரும் "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அவள் லோகநாதனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவின் வாயைத் திறந்து கஞ்சியை ஊற்றியிருக்கலாம். "செங்கா, நைனாவப் பாரேன்" என்று மட்டும் சொன்னான், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனை அறைய வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது.

அவள் வந்தாள். காப்புக் கட்டிய கையாலேயே கிண்ணத்தை வாங்கினாள். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடவில்லை, அழவில்லை.

"சரியா கீது மாமா. குடிங்க."

அவர் குடித்தார். ஒவ்வொரு கிண்ணமும் அவள் வாயில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே போயிற்று. வண்டி வந்து திருவள்ளூருக்குக் கொண்டுபோனபோது, முன்னாலேயே கஞ்சி உள்ளே போயிருக்காவிட்டால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்களாம். அங்கே பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். பூசாரி வந்து செங்கம்மாளின் காப்பை அறுத்தார். "உசுரக் காப்பாத்த முறிச்ச வெரதம்மா. ஆத்தா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டா" என்றார். அவள் எடுக்க வேண்டிய கரகத்தை வேறொருத்தி எடுத்தாள். அவள் அறைக்குள் உட்கார்ந்து பம்பைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்திருந்தேன்.

திருவிழா முடிந்து விடையாற்றி அன்று ராஜவேலு மாட்டுவண்டியில் கோயிலுக்கு வந்தார். ஊர் கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்று, "பெத்த பொண்ணுகூட இத்தச் செய்ய மாட்டா. புள்ள வரத்தையே எனுக்காக உட்டுக்குடுத்தாளே! ஆத்தா கோயில்ல மட்டுமா கீறா, எங்க ஊட்லயும் கீறா" என்று சொல்லி, மஞ்சள் புடவை ஒன்றை அவள் கையில் கொடுத்தார். பெண்கள் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். முதலில் வந்து விழுந்தவள் குப்பம்மாள். அவளுக்கு இனிமேல் சொம்பைத் தொடுகிற வேலை இல்லை அல்லவா! ஊரே அதைத்தான் சொன்னது: செங்கம்மா நாக்கு படாத அன்றைக்கே கிழவர் சாகக் கிடந்தார், செங்கம்மா நாக்கு பட்டதும் எழுந்துகொண்டார். அவள் தப்பிப்பதற்குக் கட்டிக்கொண்ட காப்பு, அவள் இல்லாமல் ஆகாது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

நான் லோகநாதன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். இப்போது கேட்டால் ஊரே அவள் பக்கம் நிற்கும், அப்பாவும் மறுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அவன் ஊருக்குக் கிளம்புகிற காலையில் சுவரோரம் இருவரும் நின்றிருந்தார்கள். அவன் கண்ணில் தண்ணீர்.

"உன்ன மாதிரி ஒருத்தி எனுக்குக் கெடச்சது நா செஞ்ச புண்ணியம். நைனாவ நீ பாத்துப்பே. இனிமே நா அங்க நிம்மதியா வேல செய்வேன்."

"ரூம்பு?" என்றாள் அவள்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய ரூம்பு? கூட வேல செய்யறவன் பொண்டாட்டியக் கூட்டிக்கினு வரானாம். அவனுக்கு உட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். தெருக்கோடியில் எதிர்ப்பட்ட கிழவி ஒருத்தி, "உன் பொண்டாட்டி தெய்வம்டா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

எனக்குத் தாங்கவில்லை. சுவருக்கு மேலே எட்டி அவள் கையைப் பிடித்தேன். "இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த வண்டிக்குக் கிளம்பு. என்ன ஆகிவிடும்? நாலு பேர் நாலு விதமாகத் திட்டுவார்கள், அவ்வளவுதானே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். காப்பு இருந்த இடத்தில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

"திட்டினாங்கன்னா ஓடிப் போயிடுவேங்க்கா" என்றாள். "கும்புடறாங்களே. எப்டிப் போறது?"